மைனஸ் முப்பதில் வாசல் தெளித்தவள்

"அம்மா... நான் ஒரு பைலட்டோட காலை ஒடிச்சிட்டேன்."

வீடியோ காலை எடுத்ததும் என் மகள் கயல் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். ஹலோ இல்லை, சாப்பிட்டியா இல்லை. மார்கழி முதல் நாள், சாயங்கால நேரம். வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

ஒடித்துவிட்டாளா? எப்படி? அடித்தாளா? கரப்பான்பூச்சியை அடிக்கவே அப்பாவைக் கூப்பிடுகிறவள் ஆயிற்றே!

"நான் ஒண்ணும் பண்ணலம்மா... வாசல்தான் தெளிச்சேன்."

அதற்கு மேல் பேச முடியாமல் அழ ஆரம்பித்துவிட்டாள். கொஞ்சம் பொறுங்கள். இந்த இடத்தில் முன்கதையைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அன்று நான் முழித்த மாதிரியே நீங்களும் முழிப்பீர்கள்.

என் மாப்பிள்ளை பிரபு விமான மெக்கானிக். செங்கம் பக்கத்தில் மல்லாட்டை போடுகிற குடும்பம் — மற்ற ஊர் வாசகர்களுக்கு அது நிலக்கடலை. அந்த நிலத்துக்கு மேலே பறந்த விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர், படித்து, பெங்களூரில் பெரிய பெரிய விமானங்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நல்ல வேலை. பேத்தி இனியாவுக்கு நல்ல ஸ்கூல். ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் இங்கே வந்துவிடலாம். ஒரு மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

போன வருஷம் ஒருநாள் வந்து உட்கார்ந்தார். "கனடாவுக்குப் போறோம் அத்தை" என்றார். சந்தோஷம்தான். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேன். நம் ஜனங்களுக்குக் கனடா என்றால் ஒரே ஊர்தானே? உயரமான கட்டடம், நம்மவர் மளிகைக்கடை, ஒரு முருகன் கோயில்... அப்புறம்தான் அவர் செல்போனில் மேப்பைக் காட்டினார். வெள்ளையாக, ஒன்றுமே எழுதாத இடத்தில் ஒரு புள்ளி.

"ரோடு எங்க மாப்ள?"

"ரோடு இல்லீங்க அத்தை."

"சரி... பஸ்ஸு எது வரைக்கும் போவும்?"

"ரோடே இல்லீங்களே அத்தை."

அந்த ஊருக்குப் போக விமானம் மட்டும்தான். அதுவும் ஒன்பது பேர் உட்காரும் குட்டி விமானம். குளிர்காலத்தில் சக்கரத்துக்கு அடியில் பனிச்சறுக்குப் பலகையை மாட்டிவிடுவார்களாம். பால், கோழி முட்டை, மருந்து, தபால், ஸ்கூல் நோட்டு — எல்லாம் அதில்தான் வரவேண்டும். அங்கே தங்கி வேலை செய்வது ஒரு பைலட், ஒரு மெக்கானிக். "அந்த ஒரு மெக்கானிக்தான் நான்" என்று பிரபு சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கலெக்டராகப் போஸ்டிங் போட்ட மாதிரி இருந்தார்.

"பெங்களூர்ல நானூறு பேர்ல ஒருத்தன் அத்தை. அங்க நான் பார்த்து சரின்னு சொன்னாதான் ஊருக்கே பால் வரும்" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? என் வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எதற்கும் அசராதவர். அவரே, "குளிரு எப்படிங்க மாப்ள?" என்று கேட்டார்.

"கொஞ்சம் ஜாஸ்தி மாமா. மைனஸ் முப்பது."

மார்கழியில் பால் வாங்கப் போகவே மஃப்ளர் கட்டுகிற மனிதர் என் வீட்டுக்காரர். எழுந்து உள்ளே போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இங்கே மலையடிவாரத்து ஆசிரமம் பக்கம் போய்ப் பாருங்கள். அந்தப் பனியே வேண்டாம் என்று எத்தனை வெள்ளைக்காரர்கள் இங்கே வந்து ரூம் எடுத்துத் தங்கி, வெறுங்காலோடு மலை சுற்றுகிறார்கள்! அவர்கள் ஓடிவந்த இடத்துக்கு என் பெண் பெட்டி கட்டுகிறாள். இது என்ன கணக்கு? கேட்டேன். கேட்டுப் பயன்? விசா வந்தது, ஸ்வெட்டர் வந்தது, போய்விட்டார்கள்.

சரி, இப்போது பைலட்டின் காலுக்கு வருவோம்.

பெங்களூரில் கயல் இருந்தது அபார்ட்மென்ட். லிஃப்ட்டுக்கு எதிரே வாசல். ஈரத்துணியால் துடைத்து ஸ்டிக்கர் கோலம் ஒட்டினால் முடிந்தது. கனடாவில்தான் முதன்முறையாகத் தனி வீடு கிடைத்தது. மூன்று மரப்படி வைத்த, சொந்தமாகத் தெளிக்கக்கூடிய ஒரு வாசல். மார்கழி முதல் நாள் வேறு. நம் ஊரில் வளர்ந்த பெண்ணுக்குக் கை சும்மா இருக்குமா? அந்த ஊரில் காலை பத்து மணிக்குத்தான் விடிகிறது. விடிவதற்கு முன்னால் தெளிக்க வேண்டும் என்ற கவலையே இல்லை. குளிராக இருக்கிறதே என்று பக்கெட்டில் வெந்நீர் எடுத்து, மேல்படியிலிருந்து கீழே வரைக்கும் தாராளமாகத் தெளித்திருக்கிறாள். கோலப்பொடி டப்பாவை எடுக்க உள்ளே போனாள்.

அவ்வளவுதான். அந்தக் குளிரில் தண்ணீர் தண்ணீராக எவ்வளவு நேரம் இருக்கும்? மூன்று படியும் கண்ணாடி. இருட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பைலட் ஒரு பெண், பெயர் டோனா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தினமும் காலையில் தன் வண்டியில் வந்து பிரபுவை ஏற்றிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போவார். அன்றைக்கும் வந்தார். கதவைத் தட்ட மேலே ஏறினார். கதவைத் தட்டவில்லை, டமால் என்று ஒரு சத்தம். கயல் டப்பாவோடு ஓடிவந்து பார்த்தால், படிக்குக் கீழே டோனா. கணுக்காலுக்கு மேலே கால் ஒரு மாதிரியாகத் திரும்பியிருந்ததாம்.

இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முதலில் கேட்டது: "அந்தம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களா?"

அங்கேதான் சிக்கலே. அந்த ஊரில் ஒரு நர்ஸும் ஒரு சின்ன கிளினிக்கும்தான். யாருக்காவது கைகால் ஒடிந்தால் விமானத்தில் ஏற்றிப் பெரிய ஊருக்குக் கொண்டுபோவார்கள். ஓட்டுவது டோனா. இப்போது ஒடிந்தது டோனாவின் கால்! என் மாப்பிள்ளைக்கு அந்த விமானத்தின் ஒவ்வொரு நட்டும் தெரியும். ஓட்டத் தெரியாது. வேறு ஊரிலிருந்து வேறு விமானம் வரலாம் என்றால் பனிப்புயல். நர்ஸ் கட்டுப்போட்டு, வலிக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்துவிட்டார்.

"கிளம்பி வந்துடு கயல். போதும். குழந்தையைத் தூக்கிக்கிட்டு கிளம்பி வா" என்றேன்.

"எதுலம்மா வர்றது?"

ஊருக்கு இருந்த ஒரே வழியை என் பெண் ஒரு பக்கெட் வெந்நீரால் அடைத்திருக்கிறாள்.

இது மட்டும் இல்லை. அந்த ஊரில் பெரிய ஸ்கூல் கிடையாது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் தொலைதூர நகரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர்களைக் கூட்டி வருவதும் அதே டோனா, அதே விமானம். வீட்டுக்கு வீடு பிள்ளைக்காகக் காத்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், தீபாவளிக்கு நம் ஊருக்கு வருகிற அத்தனை பஸ்ஸையும் ஒருத்தி நிறுத்திவிட்டால் அவளை என்ன செய்வோம்?

நம் லட்சணம் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒருவர் வாசல் கழுவிய தண்ணீர் எதிர்வீட்டு ஸ்கூட்டர் சீட்டில் தெறித்துவிட்டது. வெறும் தண்ணீர்தான். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. கல்யாணப் பத்திரிகையைக்கூட மூன்றாவது வீட்டில் கொடுத்து அனுப்புகிறார்கள்.

மறுநாள் மறுபடியும் கயல். முகம் வீங்கியிருந்தது.

"அம்மா... யாரோ நம்ம வாசல்ல மண்ணை வாரிப் போட்டுட்டுப் போயிருக்காங்கம்மா."

எனக்குப் பார்க்காமலே புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். நம் பக்கம் வயிறு எரிந்தவர்கள் அதைத்தானே செய்வார்கள்? தெருமண்ணை இரண்டு கையாலும் அள்ளி, "நீ நாசமாப் போவ" என்று வீட்டைப் பார்த்துத் தூற்றுவார்கள். காம்பவுண்டு சுவர் தகராறில் நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். கடல் கடந்து, ரோடு இல்லாத ஊரிலும் அதே சாபமா? வெள்ளைக்காரர்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?

"படி முழுக்கப் போட்டிருக்காங்கம்மா. ஒரு இடம் பாக்கி இல்ல" என்று தேம்பினாள்.

அவ்வளவு கோபம்! "எலுமிச்சம்பழத்தைச் சுத்தி நாலா வெட்டிப் போடு" என்றேன். அங்கே எலுமிச்சம்பழம் ஏது? அதுவும் டோனாவின் விமானத்தில்தான் வரவேண்டுமாம். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத ஓர் ஊரையே திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் இப்படியே போயிற்று. கயல் வெளியே தலைகாட்டவில்லை. குழந்தையை ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. மூன்றாம் நாள் பிரபு பேசினார்.

"அத்தை, மண்ணு போட்டது யாருன்னு தெரிஞ்சிடுச்சி. டோனாவோட வீட்டுக்காரரு."

"பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல?"

"இல்லீங்க அத்தை, கேளுங்க. மன்னிப்பு கேக்கலாம்னு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டு வாசல்லயும் மண்ணு. பக்கத்து வீட்லயும் மண்ணு. ஊர்ல எல்லா படியிலயும் போட்டிருக்காங்க. வழுக்காம இருக்கப் போடறதாம். நாங்கதான் புதுசு, கவனிக்கல."

ஸ்பீக்கரைப் போட்டு வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். பிரபு மேலே சொன்னார்.

"நம்ம படியில ஐஸ் கெட்டியாயிடுச்சில்ல... காலையில பக்கெட்ல மணல் எடுத்துட்டு வந்து அவரே போட்டிருக்காரு. பாப்பா ஸ்கூலுக்குப் போறப்ப விழுந்துடக் கூடாதுன்னு. அவ ஏன் ரெண்டு நாளா வரலன்னு என்னையே கேக்கறாரு அத்தை."

பெண்டாட்டி கிளினிக்கில் ஒடிந்த காலோடு படுத்திருக்கிறாள். புயல் ஓயவில்லை. அந்த மனிதர், காலை ஒடித்தவள் வீட்டுக்குப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். நான் இங்கே உட்கார்ந்து அவர் குடும்பம் விளங்காமல் போகட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அதிர்ச்சியாக இருந்தது. இப்படியும் இருப்பார்களா? இவ்வளவு சாதாரணமாக?

புயல் நின்றதும் வேறு விமானம் வந்து டோனாவை அழைத்துப் போயிற்று. மாற்று பைலட் கிடைக்கப் பண்டிகை தாண்டிவிட்டது. பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வீடு வரவில்லை. இதற்காவது யாராவது கத்துவார்கள் என்று பார்த்தேன். அவர்கள் செய்தது என்ன தெரியுமா? விருந்தையே தள்ளி வைத்துவிட்டார்கள்! பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகு ஸ்கூல் ஹாலில் சமைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். கயலுக்கும் அழைப்பு.

போகமாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறாள். பிரபு இழுத்துக்கொண்டு போனார். கேசரி கிளறி எடுத்துக்கொண்டு, மன்னிப்பு கேட்க இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருக்கிறாள். ஹாலில் ஒரு அம்மா — அவருடைய பையனும் தாமதமாக வந்தவன்தான் — கயலின் தட்டில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டே கேட்டாராம், "அந்தத் தண்ணீர் எதற்காகத் தெளித்தாய்?"

மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. "காலையில் தெளித்தால் மகாலட்சுமி வீட்டுக்குள் வருவாள்" என்று சொல்லியிருக்கிறாள்.

மாவுக்கட்டோடு ஊர் திரும்பி, மூலையில் உட்கார்ந்திருந்த டோனா கையைத் தூக்கினார். "வந்தேனே! நீதான் உள்ளே விடவில்லை!" ஹாலே சிரித்ததாம். கயல் மட்டும் அழுதிருக்கிறாள்.

போன வாரம் பேசினேன். விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது. இருட்டு, குளிர், குழந்தைக்கு ஓயாத சளி. பிடிக்கவில்லை என்றால் திரும்பலாம், டிக்கெட் போட்டுத் தருகிறோம் என்று கம்பெனியும் சொல்லியிருக்கிறது. எனக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

"இப்பதான் பிளேன் ஓடுதில்ல? வந்துடு கயல். அப்பாவுக்கும் உங்களைப் பார்க்காம ஒரு மாதிரியா இருக்குது."

அவள் சொன்னாள்.

"யாராச்சும் ஒரு வார்த்தை திட்டியிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன்மா. ஒருத்தர்கூட திட்டல. இவங்களை விட்டுட்டு எப்படிமா வர்றது?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

பொல்லாதவர்களிடம் மாட்டிக்கொண்ட பெண்ணைச் சண்டை போட்டாவது கூட்டி வந்துவிடலாம்... நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது?