கப்பல் தளத்தில் ஒரு தொழுகைப் பாய்

பெர்த்தில் இருக்கும் என் தங்கை, முழுச் சூரிய கிரகணம் பார்க்கப் போகும் கப்பலில் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் செஞ்சியில் இருந்த அத்தாவுக்கும் எனக்கும் போன் செய்தாள். அத்தா, அதாவது எங்கள் அப்பா, நாற்பது வருஷம் பஜாரில் தையல் கடை வைத்திருந்தவர். படகில்கூட ஏறியதில்லை.

"சூரியனப் பாக்க இன்னாத்துக்குக் கப்பலு? நம்ம மாடியில தெரியாதா?" என்றார்.

நிலாவின் நிழல் ஆஸ்திரேலியாப் பக்கக் கடல்மேல்தான் விழும் என்று அவள் விளக்கியதும், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கக் கிளம்பினார்.

கப்பலில் பெரும்பாலும் நரைத்த தலைகள். ஆளுக்கொரு டெலஸ்கோப். அத்தாவிடம் தொழுகைப் பாய். கிரகண நேரத்துக்கென்று எங்களுக்குத் தனித் தொழுகை உண்டு. நின்று நிதானமாக ஓதுவது.

காலையில் மேல்தளத்தில் இடம் பிடித்தோம். சூரியனின் ஓரம் மறையத் தொடங்கியதும் போனில் மக்கா இருக்கும் கிப்லா திசை பார்த்துப் பாயை விரித்தார். அப்போது மேகம் வந்தது. கேப்டன் தெளிந்த வானம் தேடிக் கப்பலைத் திருப்பினார். அத்தா பாயைத் திருப்பினார். கப்பல் மறுபடி திரும்பியது.

"ஒரு எடத்துல நிக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

கப்பல் நின்றபோது முழுதாக மறையப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

"பாத்துட்டுத் தொழுங்க அத்தா" என்றாள் தங்கை.

"அதுக்குள்ள கிரகணம் விட்டுடும்."

விட இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைச் சொல்வதற்குள் தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்துவிட்டார்.

சட்டென்று இருட்டியது. காற்று குளிர்ந்தது. எல்லோரும் கத்தினார்கள். சூரியன் இருந்த இடத்தில் கறுப்பு வட்டம். சுற்றிலும் நார் நாராக வெள்ளை ஒளி. தங்கை அத்தாவின் காதருகே குனிந்தாள். அப்படியே நிமிர்ந்துவிட்டாள். சஜ்தாவில் அவர் நெற்றி பாயில் இருந்தது. அந்த இருட்டு ஒரு நிமிஷம்தான். நான் பாதி நேரம் வானத்தையும் பாதி நேரம் அவர் முதுகையும் பார்த்தேன்.

அவர் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபோது மறுபடி வெயில் அடித்தது.

"முடிஞ்சிட்டுதா?"

"முடிஞ்சிட்டுது அத்தா."

தங்கை அழுதுகொண்டிருந்தாள். "உங்களுக்காகத்தான டிக்கெட் எடுத்தேன்."

"தெரியும்மா. சஜ்தாவுல உனக்குத்தான் துஆ கேட்டேன்" என்று பாயை மடித்தார்.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரம்மா கேமராவில் தான் எடுத்த படத்தைக் காட்டினார். அத்தா மரியாதையாகப் பார்த்துத் தலையசைத்தார்.

ஊரில் எல்லோரும் என்னிடம்தான் முதலில் விசாரித்தார்கள். எனக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. அத்தா அரை மணி நேரம் சொல்கிறார்: பாய் சில்லிட்டது, கால் மரத்தது, இருட்டில் அத்தனை பேரும் கத்திவிட்டு ஒரே நேரத்தில் அமைதியானது. மேலே பார்த்தீர்களா என்று அவரிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை.