மலாயில் பாடிய நலுங்குப் பாட்டு

கோகிலா என் பெரியப்பா மகள், எனக்கு மூன்று வயது மூத்தவள். தன் அக்காள் செத்தபின் அக்காள் மகள் விஜயாவை ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே வளர்த்து ஆளாக்கினாள். எங்கள் சனத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் நலுங்கில் சம்பந்தி வீட்டாரைக் கேலி பாட அவள்தான் வரவேண்டும். வசவு வாங்கிய சம்பந்தியே சிரித்துக்கொண்டு அவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பாள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம் மலாக்காவிலுள்ள காஜா பேராங்கில் விஜயாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சேதுபதி மலாக்கா செட்டி வீட்டுப் பிள்ளை. பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறியவர்கள்; சாமி நம்ம சாமிதான், பேச்சு மட்டும் மலாய்.

முகூர்த்தத்துக்கு முன்னால் நலுங்கு. வாடகைக்கு மைக் செட் கட்டியிருந்தோம். கோகிலா தமிழில் பாடப் பாட எங்கள் பெண்கள் உருண்டு சிரித்தார்கள். செட்டி வீட்டுப் பெண்கள் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாவம், அவங்களும் சிரிக்கட்டுமே" என்று அதையே மலாயில் மாற்றிப் பாடிவிட்டாள். மாப்பிள்ளைக்குக் குரங்கு மூஞ்சியாம், சம்பந்தியம்மா பானைச் சோற்றை முழுங்க வந்தவளாம். தெருக்கோடிவரை கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா சீதா எழுந்தாள். தாலித் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

கோகிலா ஓடிப்போய்க் காலைப் பிடித்தாள். பேச்செல்லாம் மலாயில்தான். "குரங்குன்னது தப்புதான்க்கா! எங்க பக்கம் இது விளையாட்டு. எம் பொண்ணை விட்டுட்டுப் போயிடாதீங்க!"

"குரங்கா? அவனை நானே அப்படித்தான் கூப்பிடறேன். என்னைச் சோத்துக்கு வந்தவள்னியே! நாளைக்கு எந்த மூஞ்சியோட கடைத்தெருவுக்குப் போவேன்?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாட்டிலேயே லேசான வரி அதுதான் என்றல்லவா இருந்தோம்!

கோகிலா மைக்கைப் பிடித்து, தெருவே கேட்க மன்னிப்புக் கேட்டாள். சீதா திரும்பி வந்தாள். தாலி ஏறியது.

பந்தியில் சம்பந்தி வீட்டாருக்குத்தான் முதல் இலை. ஒருவர்கூட உட்காரவில்லை. விஜயாவைக் கையோடு அழைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். கோகிலா சோற்றுக் கரண்டியோடு வழிமறித்தாள்.

"கை நனைக்காமப் போறீங்களே! இதைவிட ஒரு அவமானம் எங்களுக்கு உண்டா, அக்கா?"

சீதா அவள் தோளைத் தொட்டாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்: "இப்பச் சாப்பிட்டா நீ பாடினது நிசமாயிடும், தங்கச்சி."

விஜயா அந்த வீட்டில் நன்றாகத்தான் வாழ்ந்தாள். ஆனால் அன்றைக்குப் போட்ட நாற்பது இலையையும் உப்புக்கூடக் கலையாமல் நாங்களே எடுத்தோம்.