குஞ்சு ஷெட்டில் கிரேக்க இசை

நாற்பது வயதுவரை ஜெகதீஸ்வரனுக்குக் கிரேக்க நாடு எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாது. அவருடைய அப்பா போர்வெல் வண்டியோடு வடக்கே பாதி இந்தியாவைச் சுற்றியவர். இவரோ ஜேடர்பாளையம் சாலையில் முட்டைக்கோழிப் பண்ணை போட்டதிலிருந்து, சொந்தத்தில் கல்யாணம் என்றாலும் பந்தியில் கை கழுவிய ஈரத்தோடு வண்டியைத் திருப்புகிறவர். கோழியை விட்டுவிட்டு ஓர் இரவு வெளியே தங்கியதில்லை.

பண்ணையில் நாளெல்லாம் ரேடியோ பாடும். கோழிக்குச் சங்கீத ஞானம் உண்டு என்பதற்காக அல்ல. முட்டைக்கோழி பயந்தாங்கொள்ளி, லாரி ஹாரன் கேட்டால் கூண்டுக்குள் முட்டிமோதிக்கொள்ளும். ஏதோ ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தால் பதறாது. ஒரு கோடையில் ரேடியோ மக்கர் செய்தபோது, நீளமாக ஓடுகிற இசை கிடைக்குமா என்று செல்போனில் தேடினார். ஒன்று முடிந்து இன்னொன்று தானாக ஓடியது. அந்த வரிசையில் கேட்பாரற்று வந்து சேர்ந்ததுதான் அந்தக் கிரேக்க ராக் இசைத்தட்டு.

இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஆர்கன் மெல்ல மெல்ல மேலேறியது. ஒருவன் புரியாத மொழியில் யாரையோ தேடுவதுபோலப் பாடினான். பிறகு எல்லாம் அடங்கி, நெடுநேரம் நிசப்தம். திடீரென்று டிரம்ஸ் வெடித்தது. தீவன மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஜெகதீஸ்வரனுக்கு, காற்றில் உப்பு வாசனை அடித்ததுபோல் இருந்தது. அவர் கடல் பார்த்து வருஷக்கணக்காகிறது.

அன்று பிடித்தது பித்து. துறைமுக ஊரில் நாலு பையன்கள் சேர்ந்து ஒரே ஒரு தட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று பாட்டுக்குக் கீழே யாரோ எழுதியிருந்ததைச் செல்போனே தமிழாக்கிக் காட்டியது. இப்படி மறந்துபோன தட்டுகளைத் தோண்டித் தோண்டிக் கேட்டார். தானும் 'நாமக்கல்லிலிருந்து கேட்கிறேன்' என்று எழுதிவைத்தார். அது எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அதுதான் அவருக்குக் குறை. இவ்வளவு அழகானதைக் கூடவே கேட்க ஓர் ஆள் வேண்டும். முட்டை ஏஜெண்ட் தீனதயாளன் பாதி கேட்டுவிட்டு, "பக்திப் பாட்டுங்களா?" என்றார். மனைவி அன்புச்செல்வியோ, "ஜெனரேட்டர்ல ஏதோ சத்தம் வருதுங்க, பாருங்க" என்றாள்.

ஷெட்டுக்குள் எதையும் சட்டென்று மாற்றக் கூடாது. புதுத் தீவனத்தைக்கூடப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் பழக்குவார்கள். முட்டை பொறுக்கும் பொன்னாயி தினமும் சேலைக்கு மேல் அதே நீலச் சட்டையைத்தான் போடுவாள். வேறு நிறம் கண்டால் கோழி மிரளும். இதெல்லாம் ஊருக்கே சொல்லித் தருகிற மனுஷன், ஒருநாள் காலையில் ஆசை கண்ணை மறைக்க, ஷெட் ஸ்பீக்கரில் அந்தத் தட்டை முழுச் சத்தத்தில் போட்டுவிட்டார். நிசப்தம் வந்தது. பிறகு டிரம்ஸ். ஷெட் முழுவதும் ஒரே றெக்கையடிப்பு. முட்டைகள் உடைந்து வழிந்தன. அந்த வாரம் முழுக்க முட்டை குறைந்தது.

"கோழிக்காரரு பண்ற வேலைங்களா இது? இனி ஷெட்டுக்குள்ள அது வேண்டாங்க" என்றாள் அன்புச்செல்வி.

தப்பு தன்மேல்தான். இயர்போனில் கேட்டிருக்கலாம், மனசு வரவில்லை. விருந்துச் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது போலிருந்தது. கேட்பதையே விட்டுவிட்டார்.

பழைய கோழிகள் போய், புதுக் குஞ்சுகள் வந்தன. ஒரு மத்தியானம் ஐஸ் பெட்டியில் தடுப்பூசி மருந்தோடு பரமத்தியிலிருந்து திரும்பியவர், குஞ்சு ஷெட் அருகே நின்றுவிட்டார். உள்ளே அந்த ஆர்கன் கேட்டது.

படுதாவை விலக்கிப் பார்த்தார். பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் குஞ்சுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அன்புச்செல்வி ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் அவளுடைய செல்போன். பாட்டு அடங்கி நிசப்தத்துக்கு வந்தது. அடுத்து டிரம்ஸ். குஞ்சுகள் மிரண்டோடி மிதிபட்டுச் சாகுமே என்று அவர் உள்ளே ஓர் எட்டு வைத்தார்.

அவள் விரல் செல்போனின் ஓரத்தை அழுத்தியது. பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டியதுபோல டிரம்ஸ் மெதுவாக வந்து போனது. குஞ்சுகள் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கொத்தின.

அவரைக் கண்டதும் அன்புச்செல்வி சொன்னாள். "பெரிய கோழிக்கு ஆவாதுங்க. குஞ்சுலயிருந்தே பழக்கோணும். தெனமும் துளித்துளியாச் சத்தத்தை ஏத்திக்கிட்டு வாரேன்."

"டிரம்ஸ் எப்ப வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"டிரம்ஸுக்குத் துளி முன்னால அந்தப் பாடற பையன் ஒருக்கா மூச்சு இழுப்பானுங்க. நீங்க கேட்டதில்லீங்களா?"

அவர் கேட்டதில்லை. அத்தனை தடவை கேட்டும் அந்த மூச்சு காதில் விழுந்ததில்லை. மருந்துப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அவளருகே தரையில் பரப்பியிருந்த உமிமேல் உட்கார்ந்தார்.

"மொதல்லயிருந்து போடு" என்றார்.