கைமாறிய நேர்த்தி

என் வீட்டுக்காரருக்குச் சாமியிடம் பேரம் பேசத் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், குடலில் கட்டி, அறுத்து எடுக்கவேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றே, பிழைத்துக் கதிர்காமம் போகும்வரை கவுச்சி தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். கருவாடு போனது, முட்டையும் போனது. ரொட்டி, சம்பல், வெறுந்தேத்தண்ணீர். அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து இரத்தம் சோதித்த டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "லே மதி," என்றார் சிங்களத்தில். இரத்தம் போதாது. அதில் இருக்கவேண்டிய புரதமும் குறைவாம். இப்படியே அறுத்தால் புண் ஆறாது, முட்டையும் மீனும் கொடுத்து இரண்டு வாரத்தில் கூட்டிவா, அதற்கு மேல் கட்டியை விட்டுவைக்க முடியாது என்றார்.

பலாங்கொடை பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரே பயம். அவர் சாவகாசமாக வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

"முட்டை சாப்பிடுங்க," என்றேன்.

"நேந்துகிட்டத முறிச்சா சாமி கோவிச்சுக்குமே புள்ள."

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

மறுநாள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகுமுன் அவரையும் தோட்டத்துக் கோயிலுக்கு இழுத்துப் போனேன். அவர் காதில் விழும்படியே சத்தமாகச் சொன்னேன்: "முருகா, இவரு நேத்தி இனிமே என்னுது. கவுச்சிய நான் விட்டுட்டேன். இவரு சாப்பிடட்டும்." மத்தியானம் இரண்டு முட்டை அவர் வயிற்றுக்குள் போனது. அப்புறம் அந்த மனிதர் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே! கருவாட்டு வாசனையில் நான் வெறும் கீரையைப் பிசைந்துகொண்டிருப்பேன். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அவர் தட்டு காலியாவதைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது.

இரண்டு வாரத்தில் இரத்தம் ஏறிவிட்டது. நாளைக்கே அறுக்கலாம், சொந்தக்காரர் யாராவது இரத்தம் கொடுங்கள் என்றார்கள். நான்தான் முதலில் கையை நீட்டினேன். நர்ஸ் மிஸ்ஸி என் விரலில் குத்தி ஒரு துளியை நீலத் தண்ணீரில் விட்டார். நல்ல இரத்தமென்றால் அடிக்குப் போகுமாம்; என்னுடையது மிதந்தது.

"லே மதி," என்றார்.

கட்டிலில் கிடந்த மனிதர் விலா நோகச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த முட்டையை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. என் அண்ணன் வந்து இரத்தம் கொடுத்தார். கட்டியை எடுத்தார்கள். புண் அழகாக ஆறியது.

நடக்கத் தெம்பு வந்ததும் இருவரும் கதிர்காமம் போய்க் கும்பிட்டோம். திரும்பி வரும் வழியில், பலாங்கொடைக் கடையொன்றில் அவித்த முட்டை இரண்டு வாங்கி அவரே உரித்துக் கொடுத்தார். எங்கள் தோட்டத்துப் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. இரண்டையும் நான் தின்று முடிக்கும்வரை அவர் ஏறவில்லை.