காவல் பாம்பு

திகனைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடை மகாவலி ஆற்றில் போய் விழும். அந்த ஓடை மணலில் பொன்தூள் கிடக்கிறது என்று பேச்சு. தோட்டத்தில் வேலை குறைந்த அந்த வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நாலைந்து பேர் மரத்தட்டோடு போய் மணல் அலசினோம்.

ஒருநாள் கண்ணாடி விரியன் ஒன்று பாறையில் சுருண்டு கிடந்து, கொல்லன் துருத்திபோலச் சீறியது.

“பொன்னுக்குக் காவல் நிக்குதுடி, நமக்கு வேணாம்” என்று மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

காவலாவது மண்ணாவது! அது வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தேயிலைச் செடிக்குள் கைவிடுமுன் தட்டுவதுபோல, எட்ட நின்று நீளக் கம்பால் பாறையைத் தட்டினேன். அது புதருக்குள் போய்விட்டது. நான் ஓடையில் இறங்கி அலசத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக, எங்களை வேலை வாங்கும் கங்காணி கரையில் வந்து நின்றார். ஓடினவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

“ஏய், அது தொரையோட மண்ணு. தட்டை இங்க கொண்டா!”

“பாம்பு இன்னும் கல்லுக்கடியிலதான் கெடக்கு கங்காணி. நீங்களே எறங்கி வந்து வாங்கிக்குங்க.”

வேட்டியை மடித்துக் கட்டினார், இறங்கவில்லை. நான் நிமிராமல் அலசினேன். இல்லாத பாம்பு பொழுது சாயும்வரை எனக்குக் காவல் இருந்தது.