ஆறாம் எண் உப்பு

ஜோசப் ராஜ் சார் வேதியியல் நடத்தினால் வகுப்பில் தக்காளி வாடை அடிக்கும். தக்காளிக்குப் பேர்போன பாலக்கோட்டில் வேலை பார்த்தபோது பிடித்த பழக்கம். தக்காளியைப் பிழிந்து நீல லிட்மஸ் தாளை நனைத்து, “என்ன ஆச்சு?” என்பார். புத்தகத்தைப் பார்த்துச் சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். “கண்ணால பார்த்ததை எழுதுங்க. பார்க்காததை எழுதினா அது கெமிஸ்ட்ரி இல்ல, கதை.” இருபத்திரண்டு வருடமாக இதே பாட்டு. தேர்ச்சி சதவீதம் பாட்டுக்கெல்லாம் மயங்காது என்பதால், அடிக்கடி ஊர் மாற்றினார்கள்.

சென்ற ஜூனில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கு வந்தார். செய்முறைத் தேர்வில் கொடுக்கிற உப்பு எது என்று மாணவர்கள் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் ஆசை. புட்டியின் எண்ணைப் பார்த்ததுமே பெயரை எழுத வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். ஆறு என்றால் அமோனியம் குளோரைடு; கூடவே ‘மூக்கைத் துளைக்கும் நெடி வந்தது’ என்று ஒரு வரி. தேர்வுப் புட்டிகள் பீரோவில் பூட்டியே இருக்கும். சார் வருடம் முழுக்க மல்லுக்கட்டியும் அவர் பேச்சைக் கேட்டவள் கலைமதி ஒருத்திதான். அவளுக்கு நர்சிங் சீட்டு வேண்டும். ஒரு மதிப்பெண்ணைக்கூட விட முடியாது.

தேர்வில் ஆறாம் எண் ஐந்து பேருக்கு வந்தது. நான்கு பேருக்கு நெடி மூக்கைத் துளைத்தது. கலைமதி மட்டும் ‘நெடி எதுவும் இல்லை’ என்று எழுதி, மற்ற சோதனைகளையும் பொறுமையாகச் செய்து, ‘துத்தநாக சல்பேட்’ என்று முடித்திருந்தாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வெங்கடாசலம் அவள் விடையைப் புட்டி எண் பட்டியலோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஜோசப் ராஜ் அந்த உப்பைத் தானே சோதித்தார். நெடியே இல்லை. ஆய்வக உதவியாளர் வீரமணியைக் கூப்பிட்டார்.

“ஆறாம் நம்பர் உப்பு தீர்ந்து ரெண்டு வருசமாச்சுங்க சார். வெள்ளையா இருந்ததை ரொப்பி வெச்சேன். யாருங்க பார்க்கப் போறாங்க?”

இரண்டு வருடமாக ஒரு மூக்கிலும் ஏறாத நெடி, ஒரு விடைத்தாள் விடாமல் ஏறியிருந்தது.

“அப்ப கலைமதிதான் சரி!” சாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

வெங்கடாசலம் குரலைத் தாழ்த்தினார். “சரிதாங்க சார். அப்ப மத்த நாலு பேருக்கும் முட்டை போட்டுடலாங்களா? மறுபடி செய்யச் சொன்னா செய்வாங்களா?”

செய்ய மாட்டார்கள். அந்த நால்வரும் அவர் பிள்ளைகள்தான்.

“அந்தப் பொண்ணை மாத்தி எழுதச் சொல்லுங்க. அஞ்சு பேருக்கும் முழு மார்க்கு. தாளெல்லாம் ஒண்ணு போல இருக்கணுங்க.”

சார் கலைமதியிடம் போய்ச் சொன்னார். சொல்லும்போது தன் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை, வெட்கமாக இருந்தது.

அவள் மறுக்கவில்லை. “அந்த நெடி எப்படிங்க சார் இருக்கும்? நான் மோந்ததே இல்லீங்க.”

“காரமா இருக்கும்மா. கண்ணுல தண்ணி வந்துடும்.”

அவள் நிமிர்ந்து அவர் கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உப்பின் பெயரை மாற்றினாள்; நெடி இல்லை என்ற வரியை அடித்துவிட்டு, ‘கண்ணில் நீர் வந்தது’ என்று எழுதினாள்.

அந்த வரியில் அப்போதும் அவள் பார்த்ததைத்தான் எழுதினாள்.