ஊர்: மேற்படி

நான் பிழை திருத்துநராக வேலை பார்த்த நாளிதழின் பதிப்பு மூடப்பட்ட பிறகு, இலுப்பூரில் வீட்டிலிருந்தபடியே எக்செல் கோப்புகளை மென்பொருளுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்து வந்தேன். அட்டவணையைப் படிக்கும் மனிதக் கண் மேலும் கீழும் போய் வரும். மென்பொருளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒவ்வொரு வரிசையையும் தனி அடைப்புக்குறிக்குள் வைத்து, பெயர் இது, ஊர் இது, தொலைபேசி இது என்று எழுதித் தர வேண்டும். பக்கத்து வரிசையை அது எட்டிப் பார்க்காது.

படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளிகளை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் சிறிய அமைப்பு ஒன்று எங்கள் ஊரில் உண்டு. ஸ்கூட்டரில் தனியாகச் சுற்றிவந்த அதன் செவிலியர் மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இடத்துக்குப் புதிய செவிலியர் ஒருவரும், நன்கொடையாக ஒரு வேனும், வேனுக்கு வழிகாட்டும் மென்பொருளும் வந்தன. பழைய நோயாளிகளின் அட்டவணையை அதில் ஏற்றித் தரும்படி அமைப்பின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர் எனக்கு அனுப்பினார்.

கோப்பைத் திறந்தேன். முதல் வரிசையில் ஊர் என்ற இடத்தில் ‘மேற்படி’ என்று இருந்தது. அதற்கு மேலே தலைப்பைத் தவிர எதுவும் இல்லை.

பழைய செவிலியர் ஊர்வாரியாகத் தட்டச்சு செய்திருக்கிறார். ஊரின் முதல் நோயாளிக்கு ஊர்ப் பெயர், மற்றவர்களுக்கு மேற்படி. நம் அலுவலகங்களில் எல்லோரும் எழுதுவதுதான். தொலைபேசி இல்லாதவர்களுக்கு அந்த ஊர்க் கடையின் எண். அடுத்தவருக்கு அதிலும் மேற்படி.

அலுவலக அம்மாவை அழைத்தேன். “இதை யாராச்சும் மாத்தி அடுக்கினீங்களா மேடம்?”

“நான்தான் சார். ஊர் ஊராக் கெடந்துச்சு. பேரு வரிசையா இருந்தா உங்களுக்குச் சுளுவா இருக்குமேன்னு சார்ட் பண்ணிவிட்டேன்.”

“பழைய வரிசை எண் இருந்தாத் திருப்பிரலாம்.”

“அது தாறுமாறா நின்னுச்சு. ஒன்னு ரெண்டுன்னு புதுசாப் போட்டுட்டேன். ஏன் சார், பேப்பர்ல தப்பு கண்டுபிடிச்சே பழகுன ஆளு, எதைப் பாத்தாலும் தப்பாத்தான் தெரியுமா?” சிரித்தார்.

“முதல் ஆளோட ஊர் என்னன்னு பாத்துச் சொல்லுங்க.”

மௌஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. “அய்யய்ய,” என்றார் மெதுவாக. மாற்றியதை அதே கோப்பின் மேல் சேமித்திருந்தார். செவிலியரின் கணினியையும் துடைத்துச் சுத்தம் செய்து புதியவரிடம் கொடுத்தாயிற்று.

சுகாதார நிலையங்களுக்குப் பேசினோம். திருமயம் பக்கத்து நோயாளிகள் பெரும்பாலும் கிடைத்தார்கள். கிடைக்காதவர்களில் ஒருவரின் வரிசையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். குறிப்பில் இப்படி இருந்தது: எலும்பில் பரவிய புற்றுநோய். வலி அதிகம். தனியாக இருக்கிறார். நடக்க இயலாது. மாத்திரை நேரில் கொடுக்க வேண்டும். ஊர் மேற்படி. தொலைபேசி மேற்படி. இந்த மாவட்டத்தில் எந்தத் தெருவில் நின்று கூப்பிட்டாலும் ஒருத்தி திரும்பிப் பார்க்கும் பெயர்.

மஸ்கட்டில் இருந்த செவிலியர் சாப்பாட்டு இடைவேளையில் பேசினார். “அந்தப் பேர்ல நாலஞ்சு பேரு இருந்தாங்க சார். எலும்புல வந்தவங்களா? விராலிமலை ரோட்டுல ஒரு அம்மா... இல்ல, அவங்க போன வருசமே போய்ச் சேந்துட்டாங்க. தெனம் புது மொகமாப் பாக்குறேன் சார் இங்க. எல்லாம் கலங்கிப் போச்சு. அவங்களுக்கு மாத்திரை யாரு குடுக்குறா இப்ப?”

“பாத்துக்கிட்டு இருக்கோம்,” என்றேன்.

செவிலியர் ஆள் மாற்றி நினைத்திருக்கலாம் என்று வேன் ஓட்டுநர் விராலிமலைச் சாலையில் ஊர் ஊராக விசாரித்தார். அந்தப் பெயரில் காட்டப்பட்ட பெண்கள் அனைவரும் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் காலியாக இருந்தால் மென்பொருள் ஏற்காது. ஒரு பிழைக்காக முழுக் கோப்பையும் திருப்பி அனுப்பியது. “ஏதாவது ஒரு ஊரைப் போட்டு ஏத்திவிடுங்க சார். மத்த சனமும் காத்துக் கெடக்குல்ல,” என்றார் அலுவலக அம்மா. பொய்யான ஊரைப் போட்டால், அந்த ஊரில் தேடிவிட்டு, ஆள் இல்லை என்று பதிந்துவிடுவார்கள். ஊர் தெரியாத வரிசைகளைப் பிரித்து வேறு கோப்பில் வைத்தேன். மீதி உடனே ஏறியது. பிழை எதுவும் இல்லை என்று திரையில் பச்சை நிறத்தில் வந்தது.

வேன் புறப்பட்டது. பிற்பகலில் ஓட்டுநர் அழைத்தார்.

“காட்டுன வீடெல்லாம் பாத்தாச்சு சார். இன்னம் யாராச்சும் இருக்காங்களா, திரும்பிரட்டுங்களா?”

இருக்கிறார்கள் என்றால் எங்கே என்று கேட்பார்.

“வாங்க,” என்றேன்.